டைம்லைன் ஏன் உடைகிறது? கிளிப் தயாரிப்பும் பிராஜெக்ட் மாற்றமும்

பிரீமியர் புரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் எடிட் செய்து முடித்த படத்தை, டிஐ (நிறம் திருத்தும்) வேலைக்காக டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு மென்பொருளில் திறக்கிறார் ஒரு எடிட்டர். சில கிளிப்புகள் சிவப்பாக ‘மீடியா ஆஃப்லைன்’ என்று நிற்கின்றன. சில ஷாட்டுகள் நாலைந்து ஃப்ரேம் தள்ளிப்போயிருக்கின்றன. ஓரிடத்தில் சம்பந்தமே இல்லாத வேறொரு ஷாட் வந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு ஷாட் திரையின் நடுவில் பாதியாகச் சுருங்கி, சுற்றிலும் கறுப்பாகத் தெரிகிறது. டைட்டில்களைக் காணவே காணோம்.

ரிசால்வின் இலவசப் பதிப்பே முழுநீள வேலைக்குப் போதுமானதாக இருப்பதால், மாதச் சந்தா கட்டும் மென்பொருளிலிருந்து நிறையப் பேர் அதற்கு மாறுகிறார்கள். மாறாதவர்களும் கலர் வேலைக்கு மட்டும் அங்கே போய்த் திரும்புகிறார்கள். ஆகவே மேலே சொன்ன காட்சி இப்போது பல எடிட்டர்களுக்குப் பழகிப்போன ஒன்று. “எக்ஸ்எம்எல் சரியாக வரவில்லை” என்று பழியை, எடிட்டை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ஏற்றுமதிக் கோப்பின்மேல் போட்டுவிடுகிறோம். உண்மையில் இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை, புட்டேஜை (ஷூட் செய்த கோப்புகளை) கணினிக்குள் கொண்டுவந்த முதல் நாளிலேயே விதைக்கப்பட்டவை. அது எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

பிராஜெக்ட் கோப்பில் படம் இல்லை

எடிட்டிங் மென்பொருள் எதுவானாலும், அதன் பிராஜெக்ட் கோப்பில் நாம் ஷூட் செய்த படம் இருக்காது. இருப்பதெல்லாம் குறிப்புகள்: எந்தக் கோப்பு, அது எந்த டிரைவில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதில் எந்த ஃப்ரேமிலிருந்து எந்த ஃப்ரேம் வரை எடுத்திருக்கிறோம், அது டைம்லைனில் (ஷாட்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) எங்கே உட்கார்கிறது, அதன்மேல் என்னென்ன செய்திருக்கிறோம். பிரீமியரின் பிராஜெக்ட் கோப்பை அவிழ்த்துப் பார்த்தால், உள்ளே சுருக்கி வைத்த எக்ஸ்எம்எல் உரைதான் இருக்கும். நூற்றுக்கணக்கான ஜிபி புட்டேஜ் உள்ள வேலை சில எம்பி கோப்பில் அடங்கிவிடுவது இதனால்தான்.

இந்தக் குறிப்புகளை ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு முறையில் எழுதி வைக்கிறது. பிரீமியரின் பிராஜெக்ட் கோப்பை ரிசால்வ் நேரடியாகத் திறக்காது, ரிசால்வினுடையதைப் பிரீமியர் திறக்காது. இரண்டுக்கும் புரியும் ஒரு பொது வடிவம் நடுவில் தேவைப்படுகிறது. அந்தப் பொது வடிவத்தில் எடிட் முடிவுகள் மட்டுமே போகும். படத்தை மறுபக்கத்து மென்பொருள் தானே தேடிப் பிடித்து, ஒவ்வொரு வெட்டோடும் பொருத்த வேண்டும். இந்தப் பொருத்தும் வேலைக்குத்தான் ‘கன்ஃபார்ம்’ என்று பெயர்.

நடுவில் நிற்கும் வடிவங்கள்

1. இடிஎல். சிபிஎஸ்ஸும் மெமோரெக்ஸும் சேர்ந்து தொடங்கிய சிஎம்எக்ஸ் நிறுவனத்தின் பெயரை இன்றும் சுமக்கும், டேப் காலத்து வடிவம். ‘சிஎம்எக்ஸ் 3600’ என்று ஏற்றுமதிப் பட்டியலில் பார்ப்பது இதைத்தான். வெறும் உரைக் கோப்பு. ஒரு வெட்டுக்கு ஒரு வரி. அந்த வரியில் வெட்டின் எண், டேப்பின் பெயர், அப்புறம் நான்கு டைம்கோடுகள் (ஒரு ஃப்ரேமின் மணி:நிமிடம்:நொடி:ஃப்ரேம் எண்). உதாரணத்துக்கு:

001, ஏ003, 01:04:10:05, 01:04:13:17, 01:00:00:00, 01:00:03:12

முதல் இரண்டு டைம்கோடுகள் மூல கிளிப்பில் எங்கிருந்து எதுவரை என்று சொல்கின்றன. கடைசி இரண்டும் டைம்லைனில் எங்கிருந்து எதுவரை. இரண்டு பக்கமும் 3 நொடி 12 ஃப்ரேம், அதாவது நொடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் 87 ஃப்ரேம். இவ்வளவுதான் தகவல். கோப்பு எந்த டிரைவில் இருக்கிறது என்ற பேச்சே இதில் இல்லை. ‘ஏ003’ என்ற பெயரையும் 01:04:10:05 என்ற நேரத்தையும் வைத்துத்தான் மறுபக்கம் படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே ஒரு வீடியோ டிராக் (அடுக்கு), எட்டெழுத்துப் பெயர், 999 வெட்டுகள் என்ற பழைய வரம்புகள் வேறு. ஆனாலும் எல்லா மென்பொருளும் படிக்கும் வடிவம் என்பதால் இது சாகவில்லை.

2. எக்ஸ்எம்எல். பல டிராக்குகள், கோப்பின் முழு முகவரி, அளவு, இடம், வேகம், டிசால்வ் (ஒரு ஷாட் கரைந்து அடுத்தது வருவது), மார்க்கர் எல்லாம் இதில் போகும். இங்கேதான் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு வேறு வடிவங்கள் உண்டு. ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் புரோவின், 7ஆம் பதிப்பு வரையிலான காலத்தது ஒன்று. 2011 ஜூனில் ஆப்பிள் முற்றிலும் புதிதாக எழுதி வெளியிட்ட ஃபைனல் கட் புரோ டென்னுக்காகப் பின்னர் வந்த எஃப்சிபி-எக்ஸ்எம்எல் இன்னொன்று. பிரீமியரின் மெனுவில் ‘ஃபைனல் கட் புரோ எக்ஸ்எம்எல்’ என்று இருப்பது பழைய வகை. இன்றைய ஃபைனல் கட் அதை நேரடியாகப் படிக்காது. அதன் புது வகையைப் பிரீமியரும் படிக்காது. ரிசால்வுக்கு இரண்டும் தெரியும், இரண்டையும் எழுதவும் தெரியும். எனவே பிரீமியருக்கும் ஃபைனல் கட்டுக்கும் நடுவில் காசு செலவில்லாத பாலமாக ரிசால்வையே பயன்படுத்தலாம்.

3. ஏஏஎஃப். ஆவிட் என்ற எடிட்டிங் மென்பொருளின் உலகத்தில் புழங்குவது. ஒலிக் கோப்புகளையே உள்ளே பொதிந்து அனுப்ப முடியும் என்பதால், புரோ டூல்ஸில் வேலை செய்யும் ஒலிப்பதிவுக் கூடங்கள் இதைத்தான் கேட்கும். இதற்கு முந்தைய ஓஎம்எஃப் வடிவத்துக்கு ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு உண்டு.

4. ஓபன்டைம்லைன்ஐஓ. பிக்சாரில் தொடங்கி, இப்போது அகாடமி சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனின் கீழ் வளரும் திறந்தநிலை வடிவம். எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத ஒரு பொது வடிவம் வேண்டும் என்ற நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் இதுவும் முடிவுகளைத்தான் சுமக்கிறது. இது வந்துவிட்டதால் கிளிப் தயாரிப்பில் கவனம் குறைக்கலாம் என்று நினைப்பது தவறு.

ஒரு கிளிப்புக்கு மூன்று அடையாளங்கள்

மேலே உள்ள வடிவங்கள் எல்லாமே ஒரு கிளிப்பை அடையாளம் காண நம்புவது மூன்று விஷயங்களை: பெயர், டைம்கோடு, ஃப்ரேம் ரேட். மூன்றில் எது கெட்டாலும் கன்ஃபார்ம் கெடும்.

பெயர். சோனி கேமராக்கள் பலவற்றில் கோப்பின் பெயர் சி0001 என்று தொடங்கும். கார்டை ஃபார்மேட் செய்தால் மறுபடி சி0001 என்றே தொடங்கும்படி அமைப்பு இருக்கலாம். மூன்று நாள் ஷூட், இரண்டு கேமரா, நாளுக்கு இரண்டு கார்டு என்றால் சி0001 என்ற பெயரில் பன்னிரண்டு வெவ்வேறு கோப்புகள் இருக்கும். பிரீமியருக்குள் அவை தனித்தனி ஃபோல்டரில் இருப்பதால் எந்தச் சிக்கலும் தெரியாது. வேறு கணினியில் டிரைவ் எழுத்து மாறியதும், மென்பொருள் பெயரை வைத்துத் தேடத் தொடங்கும். முதலில் கிடைக்கும் சி0001ஐப் பொருத்திவிடும். சம்பந்தமில்லாத ஷாட் வந்து உட்கார்வது பெரும்பாலும் இப்படித்தான்.

கார்டின் ஃபோல்டர் அமைப்பைக் கலைக்காமல் அப்படியே ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும். அது மூலப் பிரதி, அதைத் தொடக் கூடாது. எடிட்டுக்குப் போகும் வேலைப் பிரதியில், முதல் வெட்டுக்கு முன்பே, நாள், கேமரா, கார்டு எண் சேர்த்துத் தனிப்பெயர் கொடுக்க வேண்டும். எடிட் தொடங்கியபின் பெயரை மாற்றினால் நோய் தீராது, புதிதாக ஒன்று வரும்.

பெயர் விஷயத்தில் நமக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால், எக்ஸ்எம்எல் அந்த முகவரியை அப்படியே எழுதாது. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட். ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரியும். ‘கல்யாணம்’ என்ற ஒற்றைச் சொல் 72 எழுத்தாகிவிடும். ஒரு பக்கம் இப்படி எழுதி மறுபக்கம் சரியாக அவிழ்க்காவிட்டால் கிளிப் ஆஃப்லைன். இடிஎல்லின் எட்டெழுத்துப் பெயரில் தமிழுக்கு இடமே இல்லை. கணினியில் தமிழ் எல்லா இடத்திலும் புழங்க வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் புட்டேஜ் கோப்பும் ஃபோல்டரும் மட்டும் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றோடு நிற்கட்டும்.

டைம்கோடு. மணி, நிமிடம், நொடி, ஃப்ரேம் என்று ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் இருக்கும் எண். தொழில்முறை கேமராக்கள் இதை ஓடவிட்டுப் பதிவதால், ஒரு நாளின் எந்த இரண்டு கிளிப்புக்கும் ஒரே டைம்கோடு வராதபடி வைத்துக்கொள்ள முடியும். செல்போன் வீடியோக்கள் பெரும்பாலும் ஒவ்வொன்றும் 00:00:00:00இல் தொடங்கும். பெயரும் ஒன்று, நேரமும் ஒன்று என்றால் மறுபக்கத்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்க வழியே இல்லை. கிளிப்பை வேறு கோடெக்குக்கு (வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் முறைக்கு) மாற்றும்போதும் கவனம் தேவை. சில மாற்றிக் கருவிகள் டைம்கோடைக் கைவிட்டுப் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும். முதல் கிளிப்பை மாற்றியதும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றை மாற்றுவது நல்லது.

ஃப்ரேம் ரேட். இதுதான் சத்தமில்லாமல் கெடுப்பது. சினிமாவுக்கு 24, நம் ஊர்த் தொலைக்காட்சிக்கு 25, அமெரிக்க வழக்கில் 29.97 என்று நிலையான எண்கள் இருக்கின்றன. 24க்கும் 23.976க்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குதான். ஒரு மணி நேரத்தில் அது 3.6 நொடி. கிளைமாக்ஸில் வசனம் உதட்டைவிட்டு ஓடிப்போக அதுவே தாராளம்.

செல்போன் இன்னும் சிக்கல். வெளிச்சம் குறைந்தால் நொடிக்கு எடுக்கும் ஃப்ரேம்களைத் தானே குறைத்துக்கொள்ளும் போன்கள் உண்டு. 30 என்று எழுதியிருக்கும் கோப்பின் சராசரி 29.8 ஆக இருக்கலாம். பத்து நிமிடப் பேட்டியில் 18,000 ஃப்ரேம் இருக்க வேண்டிய இடத்தில் 17,880 இருக்கும். நிலையான 30 என்று நம்பி ஓட்டும் மென்பொருளில் படம் 4 நொடி முன்னதாக முடிந்துவிடும். இப்படிப்பட்ட மாறும் ஃப்ரேம் ரேட்டை ஒவ்வொரு மென்பொருளும் தன் வழியில் சமாளிக்கிறது. அதனால்தான் ஒன்றில் சரியாக ஓடியது இன்னொன்றில் தள்ளிப்போகிறது. மீடியாஇன்ஃபோ என்ற இலவசக் கருவியில் கோப்பைப் போட்டால், ஃப்ரேம் ரேட் நிலையானதா மாறுவதா என்று தெரிந்துவிடும். மாறுவது என்றால், எடிட்டுக்கு முன்பே ஷட்டர் என்கோடர் போன்ற கருவியால் நிலையான ரேட்டுக்கு மாற்றிவிட வேண்டும். வெட்டி முடித்தபின் மாற்றினால், நாம் குறித்து வைத்த ஃப்ரேம் எண்கள் எல்லாம் வேறு படத்தைக் காட்டும்.

கோடெக்கும் பிராக்ஸியும்

எச்.264 கோப்பில் எல்லா ஃப்ரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. இடையிடையே ஒரு முழு ஃப்ரேம், அதற்கு நடுவில் இருப்பவை ‘முன்னதிலிருந்து என்ன மாறியது’ என்ற வித்தியாசங்கள் மட்டும். ஒரு ஃப்ரேமைக் காட்ட அக்கம்பக்கத்து ஃப்ரேம்களையும் அவிழ்க்க வேண்டும். பார்ப்பதற்கு ஏற்ற வடிவம், வெட்டுவதற்கு அல்ல. புரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் என்ற கோடெக்குகள் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனியாக வைத்திருக்கும். விலை என்னவென்றால் இடம். 1920க்கு 1080 அளவில், 25 ஃப்ரேமில், புரோரெஸ் 422 ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 55 ஜிபி எடுக்கும். நொடிக்கு 50 மெகாபிட்டில் பதியும் கேமராவின் எச்.264 கோப்பு அதே ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபிதான்.

அவ்வளவு இடம் இல்லாதவர்கள் பிராக்ஸி எடுத்து வெட்டலாம். பிராக்ஸி என்பது அளவில் சிறிய நகல். பெயர், டைம்கோடு, ஃப்ரேம் ரேட், நீளம், ஆடியோ சேனல்களின் எண்ணிக்கை இவை மூலத்தோடு அச்சாக ஒத்திருக்க வேண்டும். மென்பொருளின் சொந்த பிராக்ஸி வசதியை விட்டுவிட்டு, சிறிய கோப்புகளை நேரடியாக டைம்லைனில் போட்டு வெட்டினால், பிறகு மூலத்தோடு இணைக்கும்போது அளவுக் கணக்குகள் எல்லாம் தவறும்.

எது போகும், எது போகாது

வெட்டுகள், டிசால்வ், அளவு, இடம், சுழற்சி, ஒளிபுகும் அளவு, சீரான வேக மாற்றம் இவை எக்ஸ்எம்எல்லில் ஓரளவு நம்பிக்கையாகப் போகும். லுமெட்ரி கலர் (பிரீமியரின் நிறத் திருத்தம்), ஸ்டெபிலைசர் (ஆட்டம் குறைப்பது), வெளியிலிருந்து வாங்கிப் போட்ட பிளகின்கள், அட்ஜஸ்ட்மெண்ட் லேயர் (கீழுள்ள கிளிப்புகளுக்கு எஃபெக்ட் தரும் அடுக்கு), ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளோடு நேரடியாக இணைத்த காம்புகள் (காம்பொசிஷன்கள்) போகாது. ஏறி இறங்கும் வேக மாற்றம், நெஸ்ட் செய்த சீக்வென்ஸ் (டைம்லைனுக்குள் டைம்லைன்), மல்டிகேம் (பல கேமரா ஷாட்டுகளை ஒன்றாகக் கட்டியது) இவை போனாலும் போகலாம், உடைந்தாலும் உடையலாம்.

டைட்டில்களும் போகாது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். தமிழ் டைட்டில் என்றால் இரட்டைக் கவலை. எழுத்துரு மறுபக்கம் இருக்க வேண்டும், ‘கொ’ போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் உரை இயந்திரமும் இருக்க வேண்டும். பிரீமியரிலேயே அதற்குத் தனியாகத் தெற்காசிய உரை அமைப்பைத் தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. டைட்டில்களை, பின்னணி இல்லாத புரோரெஸ் 4444 கோப்பாக ரெண்டர் செய்து அனுப்பினால் இரண்டு கவலையும் தீரும்.

அனுப்பும் முன் செய்ய வேண்டியவை

1. லாக் செய்த (இனி வெட்டு மாறாத) டைம்லைனை நகல் எடுத்து, அந்த நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.
2. அணைத்து வைத்த கிளிப்புகளையும் மாற்று டேக்குகளையும் நீக்கிவிட்டு, முடிந்தவரை எல்லாவற்றையும் முதல் டிராக்குக்கு இறக்குங்கள். மேல் டிராக்கில் ஒரு ஷாட் இருந்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும்.
3. நெஸ்ட்டுகளை அவிழ்த்து, மல்டிகேமைத் தட்டையாக்குங்கள். வேகம் ஏறி இறங்கும் ஷாட்டுகளையும் காம்புகளையும் ரெண்டர் செய்து, அந்தக் கோப்பையே டைம்லைனில் வையுங்கள்.
4. டைம்கோடு எரித்த (படத்தின்மேலேயே அந்த எண் தெரியும்) ரெஃபரன்ஸ் வீடியோ ஒன்றை அதே ஃப்ரேம் ரேட்டில் எடுங்கள். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. மறுபக்கம் தவறு நடந்திருக்கிறதா என்று சொல்லும் ஒரே சாட்சி இதுதான்.
5. எக்ஸ்எம்எல், கூடவே ஒரு இடிஎல், எழுத்துருக்கள், ஸ்டில்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் போகட்டும்.

புட்டேஜ் முழுவதையும் அனுப்ப முடியாவிட்டால், பயன்படுத்திய பகுதிகளை மட்டும் ஹேண்டில் வைத்துப் பிரித்து அனுப்பலாம். ஹேண்டில் என்பது வெட்டின் இரு பக்கமும் விடும் உபரி ஃப்ரேம்கள். ஒரு நொடி டிசால்வுக்கே இரு பக்கமும் உபரி வேண்டும். நான் ஒரு நொடிக்குக் குறைவாக விடச் சொல்ல மாட்டேன். எச்.264 போன்ற கோப்புகளை மறுபடி என்கோடு செய்யாமல் இப்படி நறுக்க முடியாது. பிரீமியரின் பிராஜெக்ட் மேனேஜர் அவற்றை முழுசாகவே நகல் எடுக்கும்.

மறுபக்கம் திறந்ததும்

ரிசால்வில் முதலில் டைம்லைனின் ஃப்ரேம் ரேட்டை அமைத்துவிட்டுத்தான் கிளிப்பை உள்ளே கொண்டுவர வேண்டும். கிளிப் வந்தபின் பிராஜெக்டின் அந்த எண் பூட்டிக்கொள்ளும்.

சரி, பாதியாகச் சுருங்கிய அந்த ஷாட்? 3840க்கு 2160 கிளிப்பை 1920க்கு 1080 டைம்லைனில் போடும்போது, பிரீமியரில் அளவை 50 சதவீதம் என்று குறைத்தால் திரையில் பொருந்தும். எக்ஸ்எம்எல் ‘அளவு 50’ என்று எழுதுகிறது. ரிசால்வோ கிளிப்பை முதலிலேயே திரைக்குப் பொருத்திவிட்டு, அதன்மேல் இன்னொரு 50ஐயும் போட்டால் படம் பாதியாகிவிடும். அளவு பொருந்தாத கோப்புகளை மாற்றாமல் நடுவில் வைக்கும்படி பட அளவு அமைப்பை மாற்றினால் இது சரியாகும். ஆனால் பிரீமியரில் சில கிளிப்புகளுக்கு ‘செட் டு ஃப்ரேம் சைஸ்’, சிலவற்றுக்கு ‘ஸ்கேல் டு ஃப்ரேம் சைஸ்’ (முன்னது அளவு எண்ணை மாற்றும், பின்னது மாற்றாது) என்று கலந்து பயன்படுத்தியிருந்தால், எந்த ஒற்றை அமைப்பும் எல்லாவற்றையும் சரி செய்யாது. ஒவ்வொரு ஷாட்டாகத் திருத்த வேண்டியதுதான். எடிட்டின் தொடக்கத்திலேயே இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் இந்த வேலை மிச்சம்.

அடுத்தது சரிபார்ப்பு. ரெஃபரன்ஸ் வீடியோவை ஆஃப்லைன் ரெஃபரன்ஸாக இணைத்து, ஒவ்வொரு ஷாட்டின் முதல் ஃப்ரேமையும் கடைசி ஃப்ரேமையும் ஒப்பிட வேண்டும். கலர் வேலை தொடங்கியபின் கண்டுபிடிக்கும் தவறு இரண்டு பேரின் நேரத்தைத் தின்னும்.

திரும்பிப் பிரீமியருக்கு வரும்போது, ஒவ்வொரு ஷாட்டும் தனிக் கோப்பாக, தனிப்பெயரோடு, ஹேண்டிலோடு ரெண்டர் ஆக வேண்டும். தனிப்பெயர் ஏன் என்றால், ஒரே கிளிப்பை டைம்லைனில் நான்கு இடத்தில் பயன்படுத்தியிருப்போம். மூலப் பெயரிலேயே ரெண்டர் செய்தால் ஒன்றின்மேல் ஒன்று எழுதப்பட்டு, கடைசி மட்டும் மிஞ்சும். ஒலிக்கு ஏஏஎஃப் அனுப்பும்போது, படத்தின் முதல் ஃப்ரேமுக்குச் சரியாக இரண்டு நொடி முன்னால் ஒரு ஃப்ரேம் நீள பீப் வைப்பது வழக்கம். கலந்த ஒலி திரும்பி வந்ததும் அந்தப் பீப்பை வைத்தே பொருத்திவிடலாம்.

முடிந்த படத்தின் பிராஜெக்ட்

ஃபைனல் கட் புரோ 7இல் செய்த வேலைகளை 2011இல் வந்த புதுப் பதிப்பு திறக்கவில்லை. பழைய மென்பொருள் 32 பிட். 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா 32 பிட் மென்பொருள்களையே ஓட்டுவதில்லை. அந்தக் காலத்தில் படத்தை முடித்ததும் எக்ஸ்எம்எல் எடுத்து வைத்தவர்கள், அதைப் பிரீமியரிலோ ரிசால்விலோ இன்றும் திறக்க முடிகிறது. வைக்காதவர்கள், பழைய மேக் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதில் திறந்து, அங்கிருந்து எக்ஸ்எம்எல் எடுக்க வேண்டும். இன்று முடிக்கும் படத்துக்கும் பிராஜெக்ட் கோப்போடு எக்ஸ்எம்எல், இடிஎல், டைட்டில் இல்லாத மாஸ்டர், டைம்கோடு எரித்த வீடியோ நான்கையும் சேர்த்து அதே டிரைவில் வைத்துவிடுங்கள்.